கொழும்பில் அரை நூல் குறைந்த கார்

ஒரு துணியும், அந்தத் துணியில் கொஞ்சம் தின்னரும் என் கையில் இல்லாமல் இருந்திருந்தால், நான் இந்த ஜென்மத்தில் கடலைப் பார்த்திருக்க மாட்டேன்.

பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் செய்கிறவன் நான். ஒரு பம்பை இரும்பில் வார்க்க வேண்டுமென்றால், முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்ய வேண்டும். மரத்தை மண்ணில் அமுக்கி எடுத்தால் குழி விழும். குழியில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். இரும்புப் பம்பு தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் இறைத்துப் பேர் வாங்கும். என் மரம் அலமாரிக்குப் போய்த் தூசி வாங்கும். படிப்பு இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சண்டையெல்லாம் இல்லை. ஒரு நாள் போகவில்லை, யாரும் தேடவில்லை.

எங்கள் முதலாளி நாயுடுவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சீமையிலிருந்து அட்டைப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கார். பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது. கார் ஆகப் போகிற நாற்பது துண்டுகள் இருக்கும். துண்டுகளெல்லாம் ஒரு குச்சியில் கிளை கிளையாகத் தொங்கும். எங்கள் வார்ப்பும் அச்சை விட்டு வரும்போது ரன்னர் என்கிற வாலோடுதான் வரும் என்பதால், அதை முதலில் பார்த்தபோது எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாக வெட்டி, உப்புக் காகிதம் தேய்த்து, பசை போட்டு ஒட்டினால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கார் வரும். முதலாளியிடம் ஏழு கார். பல்லடத்துக் கவுண்டர் ஒருவரிடம் பதினொன்று. வெங்காய வியாபாரத்துக்குக் கொழும்பு போய்வருகிற மனிதர். போகும்போதெல்லாம் ஒரு பெட்டி வாங்கி வந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் சந்தித்து, யாருடைய காரில் பசை வெளியே பிதுங்கியிருக்கிறது என்று பேசுவார்கள். நிஜக் காரில் வந்து இறங்குகிற இரண்டு பெரிய மனிதர்கள், பொம்மைக் காரின் பின்விளக்குக்காக முறைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் முதலாளிக்குச் சிநேகிதம் என்று இருந்தது அவர் ஒருவர்தான். வேறு யாரிடமும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

கவுண்டர் காசிக்குக் கிளம்பினார். போகும் முன்னால் தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியான பச்சைக் காரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"ஊட்டுல பேரன் பேத்திக திரியுதுங்க. ஒடச்சுப் போடுங்க. உங்ககிட்ட இருந்தா பத்திரமுங்க. பதினஞ்சு நாள்ல வந்து வாங்கிக்கறேன்."

மூன்றாம் நாள் அந்தக் கார் மேல் ஒரு கைரேகை தெரிந்தது. என் கண்ணில்தான் பட வேண்டுமா? நாங்கள் பேட்டர்னுக்கு டூகோ பெயின்ட் அடிப்போம், கறை பட்டால் தின்னரில் துணியை நனைத்து ஒரே இழுப்பு, பளபளவென்று ஆகிவிடும். அதே ஒரே இழுப்பு இழுத்தேன். கைரேகை போனது. கூடவே கூரையும் போனது. பிளாஸ்டிக் தின்னரில் கரையும் என்று எனக்குத் தெரியாது. நெய் தாராளமாக விட்ட மைசூர்பாகு மாதிரி கூரை உள்ளே அமுங்கி, துணியில் பச்சையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

முதலாளி வந்து பார்த்தார். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏன்டா மருதாசலம், கவுண்டர் மூஞ்சில நான் எப்பிடிடா முழிப்பேன்?"

"நான் வேணா மரத்துல ஒன்னு செஞ்சு..."

"வாயை மூடு."

அவர் போட்ட திட்டம் இது. அதே பெட்டி கொழும்பில் கிடைக்கும். நம் ஊரில் கிடைக்காது, தபாலில் வரவழைக்க நாள் இல்லை. முதலாளி போனால் ஊருக்கே தெரியும், பல்லடத்துக்குச் சேதி போய்விடும். நான் போனால் நான் எங்கே என்று கேட்க ஆள் இல்லை.

"நீளம் சுத்தமா ஆறங்குலம். பச்சைக் கலரு, நீட்டு மூக்கு. அளந்து பாத்து வாங்கு. இதே மாதிரி சின்னதுலயும் ஒன்னு வருது, ஏமாந்துறாதே. வாங்கிட்டு வந்தா அடுத்த நாளே வேலைக்கு வா. வாங்கலீன்னா..." வாசலைக் காட்டினார். கெட்டுப்போன காரைக் கையோடு கொடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குகிறேன் என்றேன். "மிச்சத்தையும் வழியில கெடுக்கறதுக்கா?" என்று மேசைக்குள் வைத்துப் பூட்டினார். நான் அடிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வீட்டில் பழனியம்மா கேட்டாள்: "மாமா, பொம்மை வாங்கறதுக்கா கப்பல் ஏறறீங்க?"

"ஆமா."

"புள்ளைகளுக்கு என்ன கொண்டாருவீங்க?"

"பொம்மையைத் தவிர எது வேணா."

தனுஷ்கோடியில் கப்பல் ஏறினேன். கடல் பற்றி எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். உக்கடம் குளத்தை அக்கரை இல்லாமல் செய்தால் கடல். ஒரே வித்தியாசம், குளம் நம்மைத் தூக்கிப் போடாது. இரண்டு மணி நேரம்தான் பயணம். அதில் ஒன்றே முக்கால் மணி நேரம் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்ட இட்லிக்கு விடை கொடுத்தேன். பக்கத்தில் நின்ற திருநெல்வேலிக்காரர் முதுகைத் தடவிக்கொண்டே, "எதுக்குய்யா போறீரு?" என்றார். கார் வாங்க என்றேன். அவர் கை முதுகிலிருந்து தானாக எடுபட்டது. கொஞ்சம் தள்ளி நின்று மரியாதையாக, "என்ன காருங்க?" என்றார். பச்சைக் கார் என்றேன். தலைமன்னார் வரும் வரை எனக்குத் தண்ணீர் சொம்பு பிடித்தார்.

முதல் நாள் கொழும்பில் காலைச் சாப்பாடு இடியாப்பம். எங்கள் ஊரில் இதையே சந்தகை என்று, மரச்செக்கு மாதிரி ஒன்றில் இரண்டு பேர் தொங்கி அமுக்கிப் பிழிவோம், தேங்காய்ப்பால் விட்டுச் சாப்பிடுவோம். இங்கே தட்டுத் தட்டாகக் கைக்குட்டை மடித்த மாதிரி வருகிறது. கூடவே மஞ்சளாகச் சொதி என்று ஒன்று. சாம்பாராக ஆசைப்பட்டுப் பாதியில் மனசு மாறிய குழம்பு. தேங்காய்ச் சம்பலில் ஏதோ கட்டை மாதிரி கடிபட்டது. மாசி, காய்ந்த மீன் என்றார்கள். நான் செவ்வாய்க்கிழமை கவிச்சி சாப்பிடுவதில்லை. அன்றைக்குச் செவ்வாய். முருகனிடம், வெளிநாட்டில் கணக்கில்லை என்று சொல்லிவிட்டுத் தின்றேன்.

டீ விளைகிற நாடாயிற்றே, டீ அமிர்தமாக இருக்கும் என்று நினைத்தேன். பால் இல்லாமல் கறுப்பாக ஒரு தண்ணீர், உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு தண்ணீரைக் குடிக்க வேண்டும். நல்ல டீயையெல்லாம் கப்பலில் ஏற்றிவிட்டு இவர்கள் தூளைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கிறார்கள் போல. பருத்தி விளைகிற ஊரில் நான் ஒட்டுப் போட்ட வேட்டி கட்டியிருக்கிறேனே, அந்த மாதிரி.

புறக்கோட்டையில் கவுண்டர் வழக்கமாக வாங்கும் கடை எது என்று முதலாளி சொல்லியிருந்தார். கடைக்காரர் சின்னத்தம்பி, யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிப் பெட்டிக்குள் அவரே கட்டிய கார்கள் வரிசையாக நின்றன. எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தப் பைத்தியம் கோயம்புத்தூரோடு நிற்கவில்லை.

பச்சைக் கார், நீட்டு மூக்கு என்றேன். "ஓம், ஒண்டு கிடக்குது" என்று பெட்டியை எடுத்து வைத்தார். மேலே படம் அச்சு அசலாக அதே கார். திறந்து, காரின் உடம்பை வலது பாதி இடது பாதியாக எடுத்து மேசையில் வைத்து, அடிக்கோலை உருவினேன்.

ஆறங்குலம் இல்லை. அரை நூல் குறைந்தது.

"அண்ணை, அரை நூல் எண்டால் எவ்வளவு?"

"அங்குலத்துல எட்டுல ஒன்னு ஒரு நூலுங்க. அதுல பாதி."

"அதை வச்சு என்ன செய்யப் போறியள்? உதில ஏறி ஓடப் போறியளோ?"

அரை நூல் பிசகினால் ஒரு பம்பு தண்ணீர் இறைக்காது, கவுண்டருக்குக் கண் கழுகுக் கண், இது அந்தச் சின்னதுதான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எனக்கு என்னைப் பார்த்தே பெருமையாக இருந்தது. முதலாளி வந்திருந்தால் ஏமாந்திருப்பார்.

இரண்டாம் நாள் இன்னொரு கடை. அதே பெட்டி. அரை நூல் குறைவு. மூன்றாவது கடை கோட்டைப் பக்கம், கதவுக்குச் சீருடைக்காரன் நிற்கிற கடை. அங்கேயும் அதே பெட்டி, அதே அரை நூல் குறைவு. அங்கே இருந்த இரண்டு பெண்கள் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஒரு தாத்தா பொம்மைக்குச் சட்டை தைக்க அளவெடுக்கிறார் என்கிறார்கள்" என்றார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

அன்று மாலை கடற்கரையில் உட்கார்ந்து யோசித்தேன். சீமைக்காரன் ஊர் முழுக்க ஒரே தப்பைச் செய்திருக்கிறான். எல்லாக் காரும் அரை நூல் குறைவு. கவுண்டருடையது மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அலை வந்து ஒரு செருப்பை எடுத்துக்கொண்டு போனது. மற்றொன்றையும் நானே கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை வெறுங்காலோடு சின்னத்தம்பி கடைக்குப் போனேன். ஊருக்குத் திரும்ப அன்று சாயங்காலம் ரயில். சீமைக்குக் கடிதம் எழுதி ஆறங்குலத்துக் காரை வரவழைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த கோலை வாங்கிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பித்தளை முனை போட்ட அவருடைய அடிமட்டத்தை எடுத்துவந்து, என் அடிக்கோல் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணை, உங்கட கோல் எங்கட கோலிலும் பார்க்க ஒரு நூல் நீளம். உங்கட ஊரில அடி எண்டால் கொஞ்சம் வளர்த்தியோ?"

இரண்டு கோலையும் மறுபடி நானே சேர்த்து வைத்துப் பார்த்தேன். காய்ச்சி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அதனால் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூட்டிக் கழிக்க வேண்டாம் என்று, எங்களுக்கென்றே ஒரு கோல் உண்டு. அதில் ஒரு அடி என்றால் நிஜத்தில் ஒரு அடியும் ஒரு நூலும். பதினாறு வருஷமாக நான் வேறு கோலைத் தொட்டதே இல்லை. அதனால் உலகத்தில் மற்றவர்கள் அளப்பது வேறு கோலில் என்பதையே மறந்துபோய்விட்டேன். முதலாளி அளந்தது அவர் மேசைக் கோலில். நான் அளந்தது இரும்பு சுருங்குவதற்கு வைத்த கோலில். சீமைக்காரன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதை விளக்கினேன். சின்னத்தம்பி சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"பெட்டி?" என்றேன்.

"நேற்றுப் பின்னேரம் ஒரு தோட்டத்துத் துரை வாங்கிக்கொண்டு போட்டார்."

இரண்டாவது கடைக்கு ஓடினேன். விடுமுறை, பூட்டு. கோட்டைப் பக்கத்துக் கடைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். இந்த ஊரில் ஒரு பஸ் இருக்கிறது. இரண்டு மாடி, டீசல் கிடையாது, தலையில் இரண்டு கொம்பு, கொம்பு மேலே மின்சாரக் கம்பியைத் தொட்டுக்கொண்டே ஓடும். திருப்பத்தில் கொம்பு கம்பியை விட்டுக் கழன்றது. பஸ் அப்படியே நின்றது. கண்டக்டர் இறங்கி, நீளக் கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு கொம்பைப் பிடித்து மாட்டுகிறான், அது நழுவுகிறது, மறுபடி மாட்டுகிறான். முரட்டுக் காளைக்குக் கயிறு போடுகிற மாதிரி இருந்தது. நான் இறங்கி ஓடினேன். தார் ரோடு, வெறுங்கால். பாதத்தில் தோசை வார்த்திருக்கலாம்.

என் வெறுங்காலைப் பார்த்துச் சீருடைக்காரன் கதவை மூடப் போனான். உள்ளே நுழைந்தேன். அதே இரண்டு பெண்கள். பெட்டி அதே இடத்தில் இருந்தது. ஒருத்தி அதை எடுத்து வைத்து, கை ஜாடையில் கேட்டாள்: அளக்கவில்லையா?

வேண்டாம் என்று கும்பிட்டேன்.

திரும்பும்போது சுங்கத்தில் பெட்டியைப் பிரித்தார்கள். அதிகாரி ஒவ்வொரு குச்சியாக எடுத்துப் பார்த்தார்.

"என்ன இது?"

"பொம்மைக் காருங்க. கொழந்தைக்கு."

"குழந்தைக்கு என்ன வயசு?"

முதலாளி முகம் கண் முன்னால் வந்தது. பொய் வரவில்லை. "நாப்பத்தெட்டுங்க."

அவர் பெட்டியை மூடிக் கொடுத்து, கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

கோயம்புத்தூர் வந்து இறங்கியதும் குழாயில் ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீர் குடித்தேன். கொழும்பில் நான் ஏங்கியது இதற்கு மட்டும்தான். பழனியம்மாவுக்குத் தேயிலையும், பிள்ளைகளுக்குச் சீனிமுட்டாயும், எனக்கு மாரியம்மன் பண்டிகையில் பூக்குண்டத்து நெருப்பில் இறங்கின கால் மாதிரி இரண்டு காலும் கொண்டுவந்தேன்.

கவுண்டர் வர இரண்டு நாள் இருந்தது. முதலாளி இங்கிலீஷ் காகிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்ல, நான் ஒட்டினேன். அதுவரை மூன்று வருஷம் முதலாளியின் கார்களில் எனக்கு உப்புக் காகிதம் தேய்க்கும் வேலை மட்டும்தான். அன்று அவர் கையில் காகிதம் இருந்ததால் பசை என் கைக்கு வந்தது. உடம்பு முடிந்தது, கூரை முடிந்தது. அதற்குள் ஒரு வாடிக்கைக்காரர் வந்துவிட, "மிச்சம் சக்கரந்தான், நீயே பாத்துக்க" என்று போய்விட்டார். பார்த்துக்கொண்டேன். வைத்த கண் எடுக்காமல் பார்த்தேன். அப்படி ஒரு வேலையை நான் செய்ததில்லை.

கவுண்டர் காசிக் கயிறும் கங்கைச் சொம்புமாக வந்தார். முதலாளி புதுக் காரை மேசையில் வைத்தார்.

"நல்லாத் தொடச்சு வெச்சிருக்கீங்க நாயுடு" என்றார் கவுண்டர். குனிந்து மூக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். முதலாளி மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

கவுண்டர் ஒரு விரலால் காரைப் பின்னாலிருந்து தள்ளினார். கார் நகர்ந்தது. உருளவில்லை. செங்கல் நகர்கிற மாதிரி நகர்ந்தது.

திருப்பிப் பார்த்தார். நான்கு சக்கரமும் அச்சோடு அச்சாக, மலை மாதிரி அசையாமல் இருந்தன.

"ஏனுங்க நாயுடு, என்ற காரு ஓடுமுங்களே?"

பேட்டர்னில் ஆடுகிற பாகம் எதுவும் இருக்கக்கூடாது. ஆடினால் மண் கலைந்துவிடும். எது ஆடினாலும் பசை போட்டு இறுக்குவது என் கைக்கு ரத்தத்தில் ஊறியது. சக்கரம் ஆடியது. இறுக்கிவிட்டேன். நான்கையும். ஸ்டெப்னி சக்கரத்தையும்.

முதலாளி எழுந்தார். மேசை அறையைத் திறந்து, கூரை அமுங்கிய காரை எடுத்து வைத்தார். "கவுண்டரே, என்ற கைதானுங்க. தின்னர்ல தொடச்சுப் போட்டேன்."

"பொய்யிங்க" என்றேன் நான். "நானுங்க தொடச்சது."

கவுண்டர் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது கொழும்புல வாங்குனதுதானே? ரெண்டு பேர்ல போனது ஆரு?"

"நானுங்க."

"அப்ப நீதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கோல், அரை நூல், துரை, கொம்பு வைத்த பஸ், கால். மறைத்தது செருப்பை மட்டும்தான். கவுண்டர் கடைசி வரை கேட்டார். கெட்டுப்போன காரை எடுத்து மேசையில் வைத்து விரலால் தள்ளினார். அது கூரை இல்லாத கூச்சமே இல்லாமல் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கடகடவென்று ஓடியது. விளிம்பில் பிடித்துக்கொண்டார்.

"ஓடுதே" என்றார். "நான் ராவும் பகலுமா ஒக்காந்து கட்டுனதுங்க இது. கூரை போனாப் போகுது, வெய்யக் காலந்தானே." துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "காசிக்கு நான் போனேன், நாயுடு. பாவத்த இவன் போயிக் கழிச்சுட்டு வந்திருக்கறான்."

முதலாளி சிரித்தார். நான் பதினாறு வருஷத்தில் அவர் பல்லை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒன்று தங்கப் பல்.

"இந்தப் புதுச என்ன பண்றதுங்க?" என்றேன்.

"ஓடாத காரு எனக்கெதுக்கு? நீ கட்டுனது, நீ வெச்சுக்க. ஞாயித்துக்கெழமெ நாயுடு வரும்போது நீயும் பல்லடம் எடுத்துட்டு வா. கத்தி வெச்சுக் கீறி, சக்கரத்தை எப்பிடி உடறதுன்னு காட்டறேன். தின்னர் மட்டும் எடுத்துட்டு வந்தராதே."

முதலாளி தன் காரிலேயே வரச் சொன்னார். எனக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரக் கூச்சம். சிங்காநல்லூரில் பல்லடம் பஸ் ஏறினேன். மடியில் துண்டு, துண்டுக்குள் என் கார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"அட, ஜோரா இருக்குதுங்களே. ஓடுமுங்களா?"

"சாயங்காலத்துக்கு மேல ஓடுமுங்க" என்றேன்.